37 கடித உறைகளும் ஒரு பென்சிலும்

கனடாவில், ஸ்காபரோவில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் வணக்கம்.

மார்ச் மாதம் வாடகைப் பாக்கியால் எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. வீடு கைவிட்டுப் போகவில்லை, பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். அதுவரை போதும்.

முதலில் ஐயா. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் உதவி நிலையத்தின் பின் அறையில், ஹீட்டருக்குப் பக்கத்து மேசையில், குல்லாவைக் கழற்றாமலே இருப்பாரே, அவர்தான்.

அன்று நான் போனது அரிசிக்கும் பருப்புக்கும். வீட்டுச் சொந்தக்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன வாடகை அறிவித்தல் தாளை யாரிடமாவது காட்டலாம் என்று ஒரு மஞ்சள் பையையும் எடுத்துப் போயிருந்தேன். அந்தத் தாளோடு பைக்குள் கிடந்தவை எட்டு மாதமாக வந்த கடிதங்கள். ஒன்றையும் நான் பிரித்திருக்கவில்லை. சிரிக்காதீர்கள். வன்னியில் எங்கள் வீட்டுக்கு அரசாங்க முத்திரையோடு வந்த எந்தக் கடிதமும் நல்லதைச் சொன்னதில்லை. இங்கும் பழுப்பு உறையைக் கண்டாலே வயிறு கலங்கும். பிறகு பார்ப்போம் என்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பேன். அங்கே இடமில்லாமல் போனதும் பைக்குள் போட்டேன்.

ஐயா தாளைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். "எல்லாவற்றையும் மேசையில் கொட்டும் பிள்ளை" என்றார். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதானே நான் அத்தனை மாதமும் யாரிடமும் போகாமல் இருந்தேன்!

எண்ணிப் பார்த்தார், 37 இருந்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, வாசித்து, உறையின் மேலேயே தமிழில் ஒரு வரி எழுதி எனக்குப் பக்கத்தில் அடுக்கினார். "விளம்பரம், எறியலாம்." "இதுவும் விளம்பரம்." "மூத்தவனின் தடுப்பூசி விவரம் கேட்கிறார்கள், பயமில்லை." "நூலகம். புத்தகத்தைத் திருப்பிக் கொடும்." பத்தாவது உறைக்குப் பிறகு எனக்கு மூச்சு ஒழுங்காக வரத் தொடங்கியது.

நான்கே நான்கு உறைகளில்தான் அடிக்கோடு போட்டார். அவற்றில் ஒன்றுதான் ஜூலையில் அரசாங்கம் தரும் பிள்ளைகளின் கொடுப்பனவு ஏன் நின்றது என்று சொன்னது. அந்தப் பணம் தொடர்ந்து வர, வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டுமாம். உழைப்பவர்களுக்குத்தானே வரி என்று நான் விட்டுவிட்டேன். பணம் நின்றபோது எங்களைப் பிடிக்காமல் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். கேட்கப் போனால் அகதி வழக்கைத் திரும்பக் கிளறிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரரின் தாளும் அப்படித்தான். 14 நாளில் மூட்டை கட்ட வேண்டும் என்று நான் விளங்கிக்கொண்டிருந்தேன். தாளில் குறித்த நாளுக்குள் வாடகைப் பாக்கியைக் கட்டினால் தாள் செல்லாது. கட்ட முடியாமல் போனாலும் வாடகை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவு போடாமல் யாரும் எங்களைத் தெருவில் விட முடியாது. இதை வாசிக்கும் யாராவது இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

இரண்டரை மணி நேரம் போனது. அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே இருந்தது. ஏன் பென்சிலால் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு நீரே வாசிக்கப் பழகியதும் அழித்துவிடலாம்" என்றார்.

எனக்குப் பின்னால் காத்திருந்தவர் கைத்தடியோடு வந்த ஒரு வெள்ளைக்கார முதியவர். இப்படியான இடங்கள் எங்களைப் போல வந்தேறியவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர் ஸ்காபரோவிலேயே பிறந்தவராம். அவருக்கும் வாடகைத் தொல்லை. மேசையில் குவிந்திருந்த உறைகளைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரியாததால் மேசை லாச்சியை இழுத்துத் திறப்பதுபோலக் கையால் செய்து காட்டி, நெஞ்சில் தட்டிக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு லாச்சி நிறையப் பிரிக்காத கடிதங்கள்! அத்தனையும் அவருடைய தாய்மொழியில் வந்தவை. பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மற்றவர்களைச் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது, கோபிக்க வேண்டாம். இலவசமாக வரிக் கணக்குச் செய்து தந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், வீட்டுக்காரரோடு பேசித் தவணை வாங்கித் தந்த சட்ட உதவி நிலையப் பெண், சின்னவளை மடியில் வைத்து வண்ணம் தீட்ட வைத்த பிலிப்பைன்ஸ் சகோதரி, அளவு கேட்காமலே சரியான அளவில் பனிச் சப்பாத்து அனுப்பியவர், தன் சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்து ஓர் இரவில் கொண்டுவந்து தந்த மேல் வீட்டு அக்கா. அக்கா, உங்கள் காசில் பாதியைத் தந்துவிட்டேன், மீதி செப்டம்பருக்குள்.

ஊர்ச் சங்கத்துக்காரருக்கு ஒரு விண்ணப்பம். இதை வாசித்துவிட்டு ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தக் கிளம்பிவிடாதீர்கள். நிலையத்தில் அச்சு இயந்திரம் அடிக்கடி தாளை விழுங்குகிறது, அந்தக் காசில் அதைத் திருத்திக் கொடுங்கள்.

வரும் பெப்ரவரியில் வரிக் கணக்குத் தொண்டர் பயிற்சிக்கு நானும் பெயர் கொடுக்கப் போகிறேன். எழுத்துக் கூட்டித்தான் ஆங்கிலம் வாசிக்கிறேன். அதுவரை உறை பிரிக்கிற வேலையாவது தாருங்கள். 37இல் பதினொன்றின் மேல் இருந்த தமிழை இதுவரை அழித்திருக்கிறேன்.

ஐயா, அன்று உங்கள் பென்சில் கடிதங்களோடு என் பைக்குள் வந்துவிட்டது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன். கொஞ்சம் குட்டையாகியிருக்கும்.