கையெழுத்து மட்டும் டாக்டருடையதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். நோயறிதலில் செயற்கை நுண்ணறிவு பற்றிய கட்டுரையில், இறுதி முடிவு மருத்துவர் கையில்தான் இருக்கிறது, அதனால் கவலை வேண்டாம் என்று எழுதப்பட்டிருந்தது. எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அந்த இடத்தில்தான் கவலையே வருகிறது.

மென்பொருள் ஒரு படத்தில் நோய் இருக்கலாம் என்று ஓரிடத்தில் சிவப்புக் கட்டம் போட்டுவிட்டால் பார்ப்பவர் கண் நேராக அதற்குள்தான் போகும். கட்டமே இல்லையென்றால் கை தானாக அடுத்த படத்தைத் தள்ளும். ஏதோ கத்துக்குட்டிகளின் குறை என்று இதை ஒதுக்க முடியாது. 27 கதிரியக்க மருத்துவர்களிடம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படங்களைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2023-இல் 'ரேடியாலஜி' இதழில் வந்தது. கணினி சரியாகச் சொன்ன படங்களில் பழுத்த அனுபவசாலிகள் 82 சதவீதம் சரியாகக் கணித்தார்கள். வேண்டுமென்றே தவறான விடையைக் காட்டியபோது அது 45.5 சதவீதமாகச் சரிந்தது. புதியவர்களோ 80-இலிருந்து 20-க்கு இறங்கிவிட்டார்கள்!

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கணினி சொன்னதை அப்படியே நம்பிவிடும் இந்த மனப்போக்கைக் குறிப்பிட்டு, மேற்பார்வை செய்பவர் அதை உணர்ந்திருக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் மென்பொருள் வந்துவிட்ட தைரியத்தில் ஆளைக் குறைத்துப் படங்களைக் கூட்டினால், உணர்ந்து என்ன பயன்? தவறு நேர்ந்தால் பழி கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். தயாரித்தவர், "நாங்கள் உதவிதானே செய்தோம்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

வேறு வழியும் உண்டு. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பை மருத்துவர் படம் பார்க்காமலேயே சொல்லும் கருவிக்கு 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. கருவியின் கணிப்புக்குத் தானே பொறுப்பு என்று தயாரித்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 'உதவி' மென்பொருள் விற்பவர்களும் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்கட்டுமே.

விற்பவர் சொல்லும் துல்லியக் கணக்கும் அப்படியே நம்பத்தக்கதல்ல. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் புழங்கிய, செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) பற்றி எச்சரிக்கும் மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தங்கள் நோயாளிகளின் பதிவுகளில் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது கோட்டைவிட்டிருந்தது. எனவே ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளிடம் சோதித்த பிறகே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

என் யோசனை ஒன்று. மருத்துவர் முதலில் தன் கருத்தைப் பதிவு செய்யட்டும், அதன் பிறகு திரையில் கட்டம் தெரியட்டும். மென்பொருளில் இதைச் செய்வது பெரிய வேலையல்ல. நேரம் கூடும் என்பதால் விற்பவர்கள் தாமாக முன்வர மாட்டார்கள். ஒழுங்குமுறை அமைப்புகள்தான் விதியாக்க வேண்டும்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே பிரிவில் பணிபுரியும் வாசகி