பெயரை எடுக்கச் சொன்னால்

களியக்காவிளை

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை அம்மையிடம் முழுக்கச் சொல்லவில்லை. சொன்னால் "போதும், ஊருக்கு வந்துரச் சொல்லுங்க" என்பாள். போனில் பேச ஆரம்பித்தால் வாசலில் யாராவது வந்து நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

உன்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்த அந்தச் சீனப் பையனின் பெயரைக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழிருந்து எடுத்து, கடைசியில் நன்றி வரியில் போட்டுவிடலாம் என்கிறார் உங்கள் புரொபசர். அடுத்த விண்ணப்பம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதிக்குப் போகிறது, பழைய கட்டுரைகளில் யார் யாரோடு சேர்ந்து எழுதினோம் என்று பார்ப்பார்கள், எதற்கு வம்பு என்பது அவர் கணக்கு. "நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் நான் எப்படிப்பா எதிர்த்துப் பேசுவது" என்று கேட்டாய்.

பேசலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர் கேட்பது, பாதுகாப்புக்கே உதவாத ஒன்று. எனக்கு இது எங்கிருந்து தெரியும் என்றால், மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் லேபிலிருந்துதான். சின்ன வயதில் நீ அங்கே வந்து கருமணலில் காந்தத்தை விட்டு விளையாடியிருக்கிறாய். காந்தத்தில் ஒட்டுவது இல்மனைட், மற்றதெல்லாம் கீழே விழும் என்பதோடு உன் விளையாட்டு முடிந்துவிடும். எங்கள் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். மாதிரி மணலில் ஒரு சிட்டிகையை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே பரப்பி, மணி மணியாக எண்ண வேண்டும். கார்னெட் இளஞ்சிவப்பாக இருக்கும், சிர்கான் கண்ணாடி மாதிரி மின்னும், மோனசைட் தேன் நிறத்தில் மழுங்கலாக இருக்கும். எண்ணி முடித்ததும் நோட்டில் ஏற்ற வேண்டும். எண் தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் சரியான எண், சின்னக் கையெழுத்து, தேதி. கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒயிட்னர் பட்ட பக்கத்தை எங்கள் மேலதிகாரி பக்கமாகவே கணக்கில் எடுக்க மாட்டார். கடைசிக் கட்டத்தில் எண்ணியவரின் பெயர்.

அந்தப் பெயர் எதற்கு? மோனசைட்டில், அணு எரிபொருளுக்கு உதவுகிற தோரியம் உண்டு. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின்படி அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் நம் கடற்கரையில் இதைக் கண்டுபிடித்ததற்கே, இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டிருந்த மணல்தான் வழிகாட்டியது என்பார்கள். அப்படி ஒட்டிக்கொண்டு போகிற சாமான் அது. சாதாரண மணல் என்று வெளியே போகிற சரக்கில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைச் சொல்வது எங்கள் நோட்டு ஒன்றுதான். கேட்டில் துப்பாக்கியோடு நின்றவருக்குத் தேன் நிறமும் பழுப்பும் தெரியாது. எண்ணில் சந்தேகம் வந்தால் எண்ணினவனைக் கூப்பிட்டுத் திரும்ப எண்ணச் சொல்வார்கள். எண்ணினவன் பெயர் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

உங்கள் கட்டுரையும் அதேதான். நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் என்ற அரியமண் உலோகங்களைப் பிரிக்கிற அந்தக் கரைசலில் பாதிச் சோதனை அவன் செய்தது என்கிறாய். நாளைக்கு இன்னொரு லேபில் அது வராமல் போனால் பதில் சொல்ல வேண்டியவன் நன்றி வரியில் ஒளிந்துகொண்டிருப்பான். உண்மையிலேயே அவன் எதையாவது எடுத்துப் போயிருந்தால்கூட, யார் எதைத் தொட்டார்கள் என்ற கணக்கை உங்கள் புரொபசரே அழித்திருப்பார். அமெரிக்க அரசு ஆய்வு முறைகேடு என்று சொல்வது மூன்றைத்தான்: இல்லாததை உண்டாக்குவது, இருப்பதைத் திரிப்பது, அடுத்தவன் யோசனையையோ முடிவையோ உரிய பெயர் கொடுக்காமல் எடுத்துக்கொள்வது. பெயர் வரிசைச் சண்டையை அதில் சேர்ப்பதில்லை என்று வாதாடுவார்கள். வாதாடட்டும்.

சரி, உங்கள் வேலை ரகசியமா என்று முதலில் பார். 1985இல் ரீகன் காலத்தில் போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. அடிப்படை ஆய்வின் முடிவுகளை முடிந்தவரை தடையில்லாமல் விட வேண்டும், கட்டுப்பாடு வேண்டுமென்றால் முறைப்படி ரகசியம் என்று முத்திரை குத்த வேண்டும் என்பது அதன் சாரம். பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோது போட்டது என்பதைக் கவனி. வெளியிடலாம், யாரும் சேரலாம் என்று இருக்கிற வரைக்கும்தான் அந்தச் சலுகை. வெளியிட முன் அனுமதி வேண்டும், இன்ன நாட்டுக்காரர் கூடாது என்று பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் அது போய்விடும். அதற்கப்புறம் ஏற்றுமதிச் சட்டம் வந்துவிடும். ஏற்றுமதி என்றால் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று இல்லை. லேபுக்குள் உட்கார்ந்திருக்கிற வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பத்தைக் காட்டினாலே ஏற்றுமதிதான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. டென்னசி பல்கலைக்கழகத்தில் ரோத் என்று ஒரு பேராசிரியர். விமானப் படையின் ஆளில்லா விமான வேலையில் சீன மாணவரையும் ஈரானிய மாணவரையும் சேர்த்துக்கொண்டார் என்று 2008இல் குற்றவாளி ஆனார். நான்கு வருடத் தண்டனை. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அந்த வேலையைச் செய்தவர் அவர், அதனால் எனக்கு அவர் மேல் இரக்கம் அவ்வளவாக இல்லை.

அதே பல்கலைக்கழகத்தில்தான் அன்மிங் ஹூ என்பவரும் இருந்தார். 2018 நவம்பரில் சீனாவைக் குறிவைத்து அமெரிக்க நீதித்துறை தொடங்கிய நடவடிக்கையில் மாட்டினார். முதல் விசாரணையில் நடுவர்களுக்குள் முடிவு வரவில்லை, அப்புறம் 2021இல் நீதிபதியே விடுவித்துவிட்டார். எம்.ஐ.டி.யின் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார், ஒரு வருடத்தில் வழக்கை அவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2022 பிப்ரவரியில் அந்த நடவடிக்கைக்கே மூடுவிழா நடத்தினார்கள். போன பெயர் வந்ததா என்று கேட்காதே.

ஹார்வர்டின் லீபர் கதை வேறு. அவர் சீனரே இல்லை, வேதியியல் துறைத் தலைவர். உகான் பல்கலைக்கழகம் ஒன்றோடு மாதம் 50,000 டாலர் வரை ஒப்பந்தம் வைத்துக்கொண்டு, கேட்டபோது இல்லை என்று சொன்னார். 2021 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு. அவர் மேல் ரகசியத்தை விற்ற குற்றச்சாட்டே கிடையாது. பொய் சொன்னதும் வரிக் கணக்கில் பொய் காட்டியதும் வெளிநாட்டு வங்கிக் கணக்கை மறைத்ததும்தான். சீனாவோடு வேலை செய்தேன் என்று படிவத்தில் எழுதி, வாங்கிய பணத்தையும் கணக்கில் காட்டியிருந்தால் வழக்கே இருந்திருக்காது.

சந்தேகம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1994இல் நம் நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கைது செய்தபோது நீ பிறக்கவில்லை. இங்கே டீக்கடையில் தமிழ்ப் பத்திரிகையும் கிடக்கும், மலையாளப் பத்திரிகையும் கிடக்கும். இரண்டும் ராக்கெட் ரகசியம் விற்ற கதையைத் தொடர்கதையாகப் போட்டன. படித்தவர்களே நம்பினார்கள். 1996இல் சி.பி.ஐ. எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் ஐம்பது லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2018இல். கிரையோஜெனிக் எஞ்சின் வேலையில் இருந்த ஆள், நடுவில் போன வருடங்களைக் கணக்குப் போட்டுக்கொள்.

இன்னொன்று. அவன் சீனன், நீ இந்தியன் என்று உங்கள் லேபில் நினைக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு பேரும் வெளிநாட்டவர். உன் அப்பா வேலை பார்த்த இந்தியன் ரேர் எர்த்ஸ் பல வருடங்கள் அமெரிக்காவின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது. கல்பாக்கத்தோடும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடும் சேர்த்து அதை எடுத்தது 2025 ஜனவரியில்தான். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு நம் விஞ்ஞானிகளுக்கு விசா இல்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அப்போது அவர்களோடு கட்டுரை எழுதிய அமெரிக்கர்கள் எல்லாம் பெயரை வெட்டிக்கொண்டிருந்தால்? தும்பாவில் 1963இல் முதலில் பறந்ததே அமெரிக்காக்காரன் கொடுத்த ராக்கெட். இன்றைக்கு அவனுக்கு வெட்டுகிற கத்தரி நாளைக்கு உன் பெயருக்கும் சரியாக இருக்கும்.

நம் ஊரில் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. 2021 ஜனவரியில் இங்கேயும் ஓர் உத்தரவு வந்தது. நாட்டுப் பாதுகாப்பு, உள்நாட்டு விவகாரம் சம்பந்தப்பட்ட ஆன்லைன் சர்வதேசக் கருத்தரங்கு என்றால் முன்கூட்டியே அமைச்சகத்தின் அனுமதி வேண்டுமாம். எல்லையைப் பற்றி என்ன பேசினாலும் "உள்நாட்டு விவகாரம்" ஆகிவிடாதா? அறிவியல் அகாதமிகள் எழுதிக் கேட்ட பிறகு அடுத்த மாதமே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எழுதிக் கேட்டதால் போனது, அதை மறக்காதே.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இரு என்றும் நான் சொல்லவில்லை. அரியமண் பிரிக்கிற தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் சீனாவே தடை போட்டது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு வைத்தது. உளவு வேலைக்குக் குடிமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று 2017இல் அவர்கள் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆக அமெரிக்காக்காரன் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த யோசனை வேலை ஆரம்பிக்கும்போது வர வேண்டும். இந்தப் பகுதி மூடியது, இன்னார்தான் உள்ளே வரலாம் என்று காகிதத்தில் போட்டு, அப்புறம் மாணவனைச் சேர்க்க வேண்டும். திறந்த வேலை என்று சொல்லிச் சேர்த்து, இரவு பகலாக வேலை வாங்கி, அறுவடை நேரத்தில் நீ யார் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது நீ செய்ய வேண்டியது. உங்கள் பல்கலைக்கழகத்தில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு அலுவலகம் இருக்கும். அவர்களுக்கு மெயில் எழுது. புரொபசருக்குத் தெரியாமல் எழுதாதே, அவருக்கும் காப்பி போகட்டும். குற்றம் சொல்கிற தொனியே வேண்டாம். இந்தக் கட்டுரை அடிப்படை ஆய்வில் வருகிறதா, இணையாசிரியரின் நாடு காரணமாக ஏதாவது தடை உண்டா என்று இரண்டே கேள்வி. 2022இல் வந்த அமெரிக்காவின் சிப்ஸ் அண்ட் சயின்ஸ் சட்டத்தில், விஞ்ஞானிகளைத் தவறான நோக்கத்தோடு இழுக்கிற வெளிநாட்டு ஆள்சேர்ப்புத் திட்டங்களுக்குத் தடை போட்ட அதே இடத்தில், இனமும் பிறந்த நாடும் பார்த்து ஆளைக் குறிவைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியும். தடை இல்லை என்று பதில் வந்தால் உன் புரொபசருக்கே நிம்மதி. அவர் கெட்டவர் மாதிரி தெரியவில்லை, பயந்தவர் மாதிரி தெரிகிறது. லேபில் பத்துப் பேர் சம்பளம் அவர் தலையில். தடை உண்டு என்று வந்தால் கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொல். எதுவானாலும் பெயரை வெட்டி வெளியிடுவதற்கு உன் கையெழுத்து வேண்டாம்.

அவனிடமும் பேசு. இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது என்கிறாய். அது சரியில்லை. அம்மை கொடுத்தனுப்பிய நேந்திரங்காய் வறுவலை டப்பாவோடு காலி பண்ணினவன் அவன்தானே? அவன் யாரிடம் ஸ்காலர்ஷிப் வாங்குகிறான், ஊரில் ஏதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று நேராகக் கேள். இருந்தால், வெளித் தொடர்புகளைக் கேட்கிற படிவத்தில் அவனே எழுதட்டும். உன் படிவத்திலும் எல்லாம் இருக்கட்டும்: ஆலுவாயில் நீ ட்ரெயினிங் போன இரண்டு மாதம், அப்பாவின் பழைய வேலை பற்றிக் கேட்டால் அது, எல்லாம்.

இதனால் உன் அடுத்த வருட வேலைக்கு ஆபத்து வரலாம். வராது என்று நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, அண்ணனும் சம்பாதிக்கிறான்.

டிசம்பரில் வரும்போது லேப் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வராதே. அந்த ரோத் மேல் இருந்த குற்றச்சாட்டில் சீனாவுக்கு லேப்டாப் கொண்டுபோனதும் ஒன்று. வெளிநாடு போகிறவர்களுக்கென்று வெறும் லேப்டாப் கடனாகத் தருவார்களாமே, கேட்டுப் பார். மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உன்னைப் பேசக் கூப்பிடச் சொல்லி என்னை நச்சரிக்கிறார்கள். ஏற்கனவே வெளிவந்த கட்டுரைகளை வைத்துப் பேசுகிறேன் என்று உங்கள் ஆபீசுக்கு ஒரு வரி எழுதிவிட்டு ஒத்துக்கொள். பொன்னாடையும் ஒரு கவரும் தருவார்கள். வாங்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் வாங்கிக்கொள். உள்ளே என்ன இருந்தாலும் படிவத்தில் அதையும் எழுது.

அப்பா