இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

வள்ளலார் வழியில் நடக்கும் சன்மார்க்க அன்பர்களுக்கும், பசித்தவர்களுக்குச் சோறு போடும் எங்கள் தருமச்சாலைக்கு வந்துபோகிற ஒவ்வொருவருக்கும் வந்தனம்.

ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் 1, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு வெள்ளம் வந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறது. ஒரே நாளில் 50 செ.மீ. மழை என்று பிறகு சொன்னார்கள். 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் அடுப்புக்குள் முழங்கை ஆழத்துக்குச் சேறு நின்றது.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அது மறுபடி எரிந்தது. அரூர்ப் பக்கமிருந்து வந்து மண்வெட்டியோடு இறங்கிய தம்பிகள், அங்கேயும் வெள்ளம் வடியாத நேரத்தில் வந்தவர்கள். பள்ளிவாசலிலிருந்து வந்த மூன்று மூட்டை அரிசி. கிழியாத பாய்களையும் போர்வைகளையும் பெங்களூரிலிருந்து அனுப்பிவைத்த என் பழைய அலுவலக நண்பர்கள். கணக்கு எழுதாமலே பருப்பு கொடுத்த மண்டிக்காரர். மழையிலேயே கம்பம் ஏறிய மின்வாரிய ஊழியர்கள். தெருவைக் கழுவிவிட்டு, கஞ்சி குடிக்கக்கூட உட்காராமல் அடுத்த தெருவுக்குப் போன தூய்மைப் பணியாளர்கள். உங்கள் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து பார்ப்பேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதியாக வேண்டும். பேரைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

பெங்களூரில் கணினி வேலையில் 14 வருடம் இருந்தேன். ஞாயிறு இரவு பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை திரும்புவேன். சனிக்கிழமை காலையில் ஐந்து சட்டைகளை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வாங்கிக்கொள்வேன். வேலையை விட்டபின் வெள்ளை வேட்டியும் துண்டுமே போதும் என்றாகிவிட்டது. துவைத்து உலர்த்தி அப்படியே கட்டிக்கொள்கிறேன். சட்டை கொடுப்பது நின்றுபோனது. ஏன் வரவில்லை என்று அந்த அண்ணன் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. வாரம் தவறாமல் வந்த ஒரு கூலி அவருக்கு நின்றுபோனதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் வண்டியைத் தாண்டித்தான் தினமும் தருமச்சாலைக்கு நடந்தேன்.

வெள்ளத்தில் என் நோட்டுகள் நனைந்துவிட்டன. ஒன்பது நோட்டு. நம் பக்கத்திலிருந்து வடலூருக்குக் கால்நடையாகவே போய்வந்த பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் பேசியபடியே எழுதியவை. வழியில் யார் வீட்டில் களி கிண்டிப் போட்டார்கள், எந்தத் திண்ணையில் படுத்தார்கள், என்ன பாடிக்கொண்டு நடந்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சொன்னவர்களில் நான்கு பேர் இப்போது இல்லை. வேலையில் இருந்தபோது என் பொறுப்பே அடுத்தவர்களின் தரவைக் காப்பதுதான். ஒரே இடத்தில் இருக்கிற எதுவும் பத்திரமாக இல்லை என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். இந்த நோட்டுகளுக்கு மட்டும் நகல் எடுக்காமல் விட்டது என் தவறு.

மூன்றாம் நாள். வெயில் இல்லை. நோட்டுகளைத் திண்ணையில் பரப்பிவைத்துவிட்டு, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். வரிசையில் அந்த அண்ணன் நின்றார். அவர் வண்டியின் ஒரு சக்கரம் கழன்று, கரி மூட்டை மொத்தமும் நனைந்திருந்தது. தட்டை வாங்கியவர் திண்ணையைப் பார்த்தார்.

"வெயிலுக்குக் காத்திருந்தா பக்கம் பக்கமா ஒட்டிக்கும் சார். குடுங்க, நான் பாக்கறேன்."

வீட்டுக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவந்தார். காய்ந்த கரி ஊரில் எங்கேயும் இல்லை. கஞ்சி அடுப்பிலிருந்தே தணலை அள்ளிப் பெட்டியில் போட்டார். என் பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து விரித்து, ஒட்டிய தாள்களுக்கு நடுவே ஈர்க்குச்சியை மெல்ல நுழைத்துப் பிரித்தார். ஒரு தாள், அதன்மேல் மெல்லிய துண்டு. பெட்டியை முதலில் தன் புறங்கைக்குப் பக்கத்தில் காட்டிச் சூடு பார்ப்பார். பிறகு ஒரே இழுப்பு, நிறுத்தாமல். ஆவி எழும். சேற்று வாசனையும் சூடான பருத்தி வாசனையும் சேர்ந்து வரும். தாளைத் தூக்கினால் அப்பளம் போலச் சத்தம் கேட்கும்.

நான்கு இரவு இப்படிச் செய்தார். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது அவ்வளவும் பிழைத்தது. மைப்பேனாவில் எழுதிய ஒரு நோட்டு மட்டும் நீலக் கறையாகிவிட்டது. இரண்டாம் இரவு ஒரு தாள் ஓரத்தில் பழுப்பேறிக் கருகியது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, "மன்னிச்சிடுங்க சார்" என்று நின்றார். எழுத்து ஒன்றும் போகவில்லை. அந்தத் தாளைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

கடைசி இரவு, "இதுல என்னதான் இருக்கு? ஒண்ணு படிச்சுக் காட்டுங்களேன்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பாட்டி சொன்னதைப் படித்தேன். கால் கொப்புளித்து உட்கார்ந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரி வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றிய கதை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டியைத் தொடவில்லை. "எங்கம்மா பேசற மாதிரியே இருக்கு சார்" என்றார்.

கூலி நீட்டினேன், வாங்கவில்லை. "வாராவாரம் அஞ்சு சட்டை குடுத்தீங்களே, அப்ப வாங்கினதுதான்" என்றார்.

வேலையை விட்ட நாளிலிருந்து ஜீவகாருண்யத்தை, உயிர்களிடம் காட்டும் இரக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், பேசியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் கரண்டி பிடித்த கை என்னுடையதாகவே இருந்தது. தட்டு ஏந்தி நிற்கிற இடத்திலிருந்து ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்த நான்கு இரவுகளுக்குப் பிறகு பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். பலவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

அதனால், வருகிற தைப்பூசத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்த சிறுநூல் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாத் தாளையும் படமெடுத்து மூன்று இடங்களில் வைக்கப்போகிறேன். பிறகு உட்கார்ந்து எழுதுவேன். எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவேன். அவருக்கு விளங்காத வரி எதுவும் நூலில் போகாது. இது என் சத்தியம்.

வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று. பழைய இடத்திலேயே, புளியமரத்தடியில் நிற்கிறது. வருகிற சனிக்கிழமை என் வேட்டிகளை அங்கேதான் கொண்டுபோகிறேன். உங்கள் வீட்டுத் துணியையும் கொண்டுவாருங்கள்.