ஹோல்டு ஆஃப்

திருப்பூர்,
ஞாயிறு மாலை

மாப்பிள்ளை,

நலம். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்து நேரில் திட்டிக்கொள். இந்த வாரம் முதலாளியிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

சங்கதி இதுதான். வியாழக்கிழமை நமக்கு ஆர்டர் தருகிற லண்டன் பையரிடமிருந்து ஒரு மெயில். அவர்களோடு எழுத்துப் போக்குவரத்தைப் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பையன் கல்யாணத்துக்கென்று தாராபுரம் போய்விட்டான். முப்பது வருசமாகப் பனியன் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஒரு மெயில் படிக்கத் தெரியாதா என்று நானே உட்கார்ந்தேன். 'ப்ளீஸ் ஹோல்டு ஆஃப் ஆன் கட்டிங்' என்று இருந்தது. இங்கே ஆர்டர் நின்றால் 'ஹோல்டுல இருக்குதுங்க' என்போம். அந்த ஹோல்டு ஆஃப், அப்புறம் கட்டிங் ஆன்! வெள்ளைக்காரன் இதைவிடத் தெளிவாக எழுதுவானா? கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, 'போடுங்க' என்றேன். சாயங்காலத்துக்குள் 1,200 பீஸ் வெட்டியாயிற்று.

மறுநாள் பையன் வந்து மெயிலைப் பார்த்தான். 'அண்ணா, ஹோல்டு ஆஃப்னா நிறுத்தி வைக்கச் சொல்றாங்கண்ணா' என்றான். ஒவ்வொரு சைஸிலும் மாதிரிக்குத் தைத்து அனுப்புகிற சைஸ் செட்டுக்கு அவர்கள் சைன் ஆஃப் பண்ணும்வரை கத்திரியே வைக்கக் கூடாதாம். சைன் ஆஃப் என்றால் கையெழுத்தை ரத்து பண்ணுவது இல்லையாம், சம்மதம் தருவதாம். அன்றைக்கே அடுத்த மெயில்: கை நீளம் அரை இஞ்ச் கூட்ட வேண்டும். வெட்டின துணியை இழுத்தா நீட்ட முடியும்? மீடியத்தை ஸ்மால் ஆக்கலாம் என்கிறார் மாஸ்டர். ஸ்மாலை என்ன பண்ணுவது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கா போடுவது?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு நோட்டு எடுத்து 'ஆஃப்' வருகிறதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். புட் ஆஃப் என்றால் தள்ளிப் போடுவது. கால் ஆஃப் என்றால் அடியோடு கைவிடுவது. லைட் கோஸ் ஆஃப் என்றால் அணைகிறது, சரி. அலாரம் கோஸ் ஆஃப் என்றால் அடிக்கிறதாம்! பால் கோஸ் ஆஃப் என்றால் கெட்டுப்போகிறதாம். ஒரே வார்த்தை, ஒன்று அணைகிறது, ஒன்று அலறுகிறது, ஒன்று புளிக்கிறது. அப்புறம் இந்த 'இட்' இருக்கிறதே, மீட்டிங்கை கால் ஆஃப் பண்ணும்போது ஆஃபுக்கு முன்னாலும் பின்னாலும் மீட்டிங்கை வைக்கலாமாம், 'இட்' என்றால் மட்டும் நடுவில்தான் உட்காருமாம். கால் இட் ஆஃப். கல்யாண வீட்டில் சம்பந்திக்குப் போட்ட நாற்காலி மாதிரி!

இதெல்லாம் உனக்குத் தெரியும். மரத்தடி வாத்தியார் நடத்தும்போது நீ எழுதினாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் தூங்கினேன். ஒரே ஆறுதல், சாமுவேல் ஜான்சன் 1755-இல் போட்ட அகராதியின் முன்னுரையில், வெளிநாட்டுக்காரர்களை ரொம்பத் திணற வைப்பது இப்படி வினைக்குப் பின்னால் சின்னச் சொல் ஒட்டுவதுதான் என்று எழுதிவிட்டார். மனுசன் அப்போதே எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார்.

நேற்று மெல்போர்னிலிருந்து பேத்தி போன் பண்ணினாள். ஊர் முழுக்கத் தெரிந்த கதை அவளுக்கும் தெரிந்திருந்தது. 'தாத்தா வாங்கிக் கட்டிக்கிட்டாராமே, என்ன வாங்கினார், எங்கே கட்டினார்?' என்று அவள் அம்மாவைக் கேட்டாளாம். என் மகள் அதற்குப் பதிலாக, 'தாத்தா கோட்டை விட்டுட்டார்' என்றிருக்கிறாள். தாத்தாவிடம் கோட்டை வேறு இருந்ததா என்று பிள்ளைக்கு ஒரே ஆச்சரியம். சிரித்துவிட்டு போனை வைத்தேன். அப்புறம் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'பார்' தெரியும், 'கொள்' தெரியும், ஆனால் 'பார்த்துக்கொள்' என்றால் அவளுக்குத் தெரியவில்லை மாப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும்முன் உடம்பைப் பார்த்துக்கொள் சாமி என்கிறேன். இத்தனை நாளும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாளோ?

சரி. வரும்போது கவுந்தப்பாடிச் சர்க்கரை இரண்டு கிலோ வாங்கி வா. நாளைக் காலையில் லண்டனுக்கு மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். 'சாரி ஃபார் த மிக்ஸ் அப்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த 'அப்' அங்கே இருக்கலாமா, எடுத்துவிடட்டுமா? பார்த்த உடனே போன் பண்ணு.

உன்,
தூங்குமூஞ்சி