பாட்டுக்குக் கீழே ஓர் ஊர்ப்பெயர்

அன்பு மகளுக்கு,

நேற்றுதான் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தோம். அப்பா களைப்பில் தூங்குகிறார். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

மலைநாட்டில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தெரிந்தவர் ஒருவரின் லயத்துக்குப் போயிருந்தோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பாட்டி பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். சேலைத் தூளி. அதன் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே, கையில் வெங்காயம் உரிக்கிறார். அவர் பாடிய தாலாட்டு என் ஆயா எனக்குப் பாடியது! மெட்டு அப்படியே இருந்தது. ஆயா பாட்டில் வயல் வரும் இடத்தில் இவருக்குக் கொழுந்து மலை வந்தது, அவ்வளவுதான். தேயிலைக்கும் முன்னால், அங்கே காப்பி பயிரிட்ட காலத்தில் கடல் தாண்டிப் போன சனங்களோடு போன பாட்டாக இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதிவு செய்யப் போனை எடுத்தேன்.

அந்த வீட்டுப் பெண் கொழும்பில் சட்டத்தரணி. வக்கீலை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "நீங்க கேட்கிறதுக்குன்னா எடுங்க ஆன்ட்டி. வெளியில போட்டு விக்கிறதுன்னா அது வேற கதை" என்றாள். மறுநாள் கொழும்பு போகும் ரயிலில் எங்களோடுதான் வந்தாள். வழி முழுக்க இதே பேச்சுதான்.

நாம் இந்தியாவில் அறிவுசார் சொத்து என்பதை அவர்கள் புலமைச் சொத்து என்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். நம்மிடம் தனித்தனிச் சட்டங்களாக இருக்கும் காப்புரிமை, வணிகக்குறி, பதிப்புரிமை எல்லாம் அதில் ஒன்றாக இருக்கின்றன. அது இருக்கட்டும். அதன் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்காறுகளுக்கென்றே எழுதியது. பாட்டு, கதை, விடுகதை, ஆட்டம், மண்பாண்டம் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் காசுக்காகவோ, அவற்றுக்குரிய சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். தூளி ஆட்டும் பாட்டியை அந்தச் சட்டம் தொடாது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதையும் ஆராய்ச்சியையும் தடுக்காது.

வசூலாகும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போக வேண்டுமாம். அனுமதி கொடுக்கும் அதிகாரம் அரசு குறிக்கும் அமைப்பிடம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாடுகிறவரையல்லவா முதலில் கேட்க வேண்டும்? ஆனால் அதே பிரிவில் இன்னொன்று இருக்கிறது. அப்படி ஒரு பாட்டை வெளியிட்டால், அது எந்தச் சமூகத்தினுடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும். அவள் இதைச் சொன்னதும் உன் நினைவுதான் வந்தது.

போன பொங்கலுக்கு வந்தபோது, வயலில் நடவுப் பாட்டை நீ போனில் பதிவு செய்தாயே, அதை வைத்து நீ செய்த பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே இசை என்று உன் பெயர் இருக்கிறது, பாடல் வரிகள் 'மரபுவழி' என்று இருக்கிறது. அவ்வளவுதான். சேற்றில் குனிந்து நின்று முதல் குரல் கொடுத்த அக்கா எங்கே? ஊர் எங்கே?

நம் சட்டத்தைப் பற்றியும் அவளிடமே கேட்டேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டார் பாட்டுக்கென்று தனிப்பிரிவு இல்லை. ஆனால் பாடுகிறவருக்கு உரிமை உண்டு, 50 ஆண்டுகளுக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடியது இன்னார் என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. பக்கத்து நாட்டுக்குப் போய்த்தான் எனக்கு இது தெரிய வேண்டியிருந்தது. உனக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே விட்டிருக்க மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த அக்காவைப் பார்க்கப் போகிறேன். உன் பாட்டை அவர் இதுவரை கேட்டதே இல்லை. போட்டுக் காட்டுகிறேன். சம்மதமா என்று கேட்டு, பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி அனுப்புகிறேன். வந்ததும் மாற்றிப் போடு. அதுவரை ஊர்ப் பெயரையாவது இன்றைக்கே சேர்த்துவிடு. அப்புறம், அந்தப் பாட்டால் உனக்கு வந்த பணத்தில் அவருக்கு எவ்வளவு கொடுப்பாய் என்றும் சொல். நானே கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா