தண்ணீர் கேட்டபோது புரிந்துகொண்டவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடலைப் பதினொரு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்ல, மகள் தட்டச்சு செய்கிறாள். நடுவில் சொல் வராமல் நின்றுவிட்டால் அவள் எடுத்துக்கொடுப்பதில்லை, காத்திருக்கிறாள். அப்படிக் காத்திருக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர்.

போன வருடம் மார்ச்சில், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கை பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. 1861-ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பேச்சுக்கு உரியது என்று மூளையில் ஓர் இடத்தைக் காட்டினார். அதைப் பற்றி ஒரு காலத்தில் ஆசை ஆசையாகப் படித்து நோட்டில் குறித்து வைத்தவன் நான். அது இப்படி வீடு தேடி வரும் என்று யார் கண்டார்கள்!

என்னை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் ஓசூர்க்காரன். ஊர்ப் பெயரே கன்னடம்தான்: ஹொச ஊரு, அதாவது புதூர். எங்கள் வீட்டில் பால், எதிர்வீட்டில் ஹாலு. எங்களுக்குப் பத்து, அவர்களுக்கு ஹத்து. புலி என்றால் ஹுலி, பல் என்றால் ஹல்லு. நம்முடைய ப இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ஹ உட்கார்ந்திருக்கிறது என்பதை எட்டு வயதில் கண்டுபிடித்து, ஏதோ புதையல் கிடைத்த மாதிரி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

1975-ல் ரூர்கேலா உருக்காலையில் வேலை கிடைத்தது. மேற்கு ஜெர்மனியின் துணையோடு ஒடிசாவில் கட்டிய ஆலை. 1959-ல் இயங்கத் தொடங்கிய அதன் முதல் ஊதுலைக்குப் பார்வதி என்று பெயர். வேலைக்குப் போன இடத்தில் எனக்கு வேறொரு சுரங்கம் அகப்பட்டது. கேன்டீனில் ஒரே மேசையில் ஒடியா, இந்தி, வங்காளம், முண்டாரி எல்லாம் நடக்கும். எங்கள் பிரிவில் கிரேன் ஓட்டிய நண்பர் ஒராவோன் இனத்தவர். அவர் தாய்மொழி குடுக். ஒருநாள் தன் தம்பியோடு பேசும்போது 'ஏன்', 'நீன்' என்றார். 'ஏன்' என்றால் நான், 'நீன்' என்றால் நீ என்று விளக்கினார். என் கையில் இருந்த டீ கொட்டிவிட்டது. நாங்கள், நாம் என்ற வேறுபாடும் அவர்களிடம் உண்டு: ஏம், நாம். இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'தான். தமிழ்நாட்டிலிருந்து இத்தனை தூரத்தில், ஏறக்குறைய 20 லட்சம் பேர் நம் பங்காளி மொழி ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது எனக்கு அதுவரை தெரியாது.

38 வருடம் அங்கேயே இருந்தேன். கேட்ட சொற்களைக் குறித்து வைத்து 23 நோட்டுகள் சேர்ந்தன. சரி, மருத்துவமனைக்கு வருகிறேன்.

தமிழ்தான் முதலில் திரும்பும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பல மொழி பேசுபவருக்குப் பேச்சு போனால் எது முதலில் வரும் என்பது பழைய கேள்வி. முதலில் கற்றதுதான் என்றார் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர். அதிகம் புழங்கியதுதான் என்று 1895-ல் எழுதினார் பித்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர். என் விஷயத்தில் இரண்டு பேரும் தோற்றார்கள். ஆறாம் நாள் நர்ஸ் கஞ்சியை நீட்டியபோது என் வாயிலிருந்து வந்தது, 'பேடா'.

பெரியவர் இனிப்புக் கேட்கிறார், சர்க்கரை இருக்கிறதே, கொடுக்கலாமா என்று அந்தப் பெண் வெளியே போய்க் கேட்டிருக்கிறாள். என் மனைவிதான் ஓடி வந்தாள். "அது கன்னடம்மா. வேண்டாம்னு சொல்றார்." எதிர்வீட்டுப் பாட்டி பால் ஊற்றும்போது 'பேக்கா, பேடவா?' என்று கேட்பாளே, அந்தப் பேடா. என் நோட்டுகளை 'பழைய பேப்பர்காரனுக்குக் காத்திருக்கும் சொத்து' என்று 40 வருடமாகச் சொல்லி வந்தவள் என் மனைவி. அவற்றில் இருந்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் நன்றி அவளுக்கு. அவள் படிக்கும்போது இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவாள், தெரியும்.

அடுத்து வந்தது ஒடியா. இரவில் தாகம் எடுத்து 'டிகே பாணி' என்றேன். கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பணியில் இருந்த ஒருவர் என் ஏட்டில் 'பிதற்றுகிறார்' என்று எழுதிவிட்டார். மூன்றரைக் கோடிப் பேருக்கு மேல் தினமும் பேசுவதைப் பிதற்றல் என்று எழுதியதில் எனக்கு இன்றும் கோபம்தான். ஒடியாவில் நம்மைப் போலவே ள கூட இருக்கிறது. இந்திக்காரர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்! ஆனால் அந்த ஏட்டை மறுநாள் படித்த பேச்சுப் பயிற்சியாளர் அதைத் தள்ளிவிடவில்லை. "என்ன சத்தம் கேட்டதோ அப்படியே எழுதுங்க" என்று நர்ஸ்களிடம் சொல்லி, என் கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் தொங்கவிட்டார்.

அவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். என் மகள் வயது. படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பார். தம்ளர் படத்துக்கு நான் ஒருநாள் பாணி என்பேன், ஒருநாள் நீள்ளு என்பேன். தப்பு என்று ஒருதடவைகூடச் சொன்னதில்லை. தெரியாத சொல்லானால் வார்டு ஆயாவிடமோ, காவலாளியிடமோ, மேல்மாடி நோயாளியிடமோ போய் விசாரித்துவிட்டு வருவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்ல முடிந்த எனக்கு, மூன்று விரலைக் காட்டினால் வாய் திறக்காது. ஒன்றிலிருந்து படியேறித்தான் மூன்றுக்கு வர வேண்டும். அது சோம்பல் அல்ல, பழக்கத்தில் ஓடுகிற பேச்சுக்கும் தேடி எடுக்கிற பேச்சுக்கும் வழி வேறு வேறு என்று என் குடும்பத்துக்கு விளக்கியவர் அவர்தான். "அவர் வாக்கியத்தை நீங்க முடிக்காதீங்க. பத்து எண்ணுங்க. அப்புறம் இன்னும் பத்து எண்ணுங்க." மகள் கற்றுக்கொண்டது இதைத்தான். அம்மா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பத்து எண்ணுங்கள்.

வார்டு ஆயா அக்காவுக்குத் தாய்மொழி தெலுங்கு. "சாரு, நீள்ளு தாகண்டி" என்று காலையில் எழுப்புவார். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கூத்து நடந்தது. ஒருநாள் நான் 'அம்ம்... அம்ம்...' என்று முனகியிருக்கிறேன். 72 வயதில் அம்மாவைக் கூப்பிடுகிறாரே என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் மனைவி திருநீறு பூசிவிட்டார். மகளும் அழுதாள். எனக்கு வேண்டியிருந்தது தண்ணீர். குடுக்கில் அம்ம் என்றால் தண்ணீர். நம் நிகண்டுகளிலும் அம் என்றால் நீர்தான், நாம் மறந்துவிட்டோம். அன்று சாயங்காலம் யாருக்கோ பொறி தட்டி, ரூர்கேலா நண்பருக்குப் போன் போட்டார்கள்.

அதிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் கூப்பிட்டார். சுந்தர்கர் மாவட்டத்தில் அவருடைய கிராமத்தில் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். அவருக்கும் முழங்கால் வலி. ஏறினார். "ஜோஹார், தாதா" என்று தொடங்கி மெதுவாக எண்ணுவார்: ஒண்டா, ஏண்ட், மூந்த், நாக். நாலோடு நிறுத்திவிடுவார். அதற்கு மேல் அவர்கள் எண்ணிக்கை வடமொழிப் பக்கம் கடன் வாங்கியது. ஐந்துக்கு உங்கள் சொந்தச் சொல் எங்கே தொலைந்தது என்று 1980 வாக்கில் அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன். மூன்றாம் வாரம் அவர் நாலில் நிறுத்தியபோது நான் 'பஞ்சே' என்றேன். மேட்டின் மேலிருந்து அவர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் வார்டு முழுக்கக் கேட்டது.

தமிழ் திரும்பியது எரிச்சலில்தான். எதிர்வீட்டுக் கல்லூரித் தம்பிகள் இரண்டு பேர் என் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஞாயிறுதோறும் வாசித்துக் காட்டினார்கள். எல்லா மொழியையும் நான் தமிழ் எழுத்தில்தான் எழுதுவேன். தொண்டையில் உரசி வரும் குடுக் ஒலிக்கு முன்னால் ஆய்தம் போடுவேன். கண்ணுக்கு அவர்கள் சொல்வதை 'ஃகன்' என்று எழுதியிருந்தேன். பலுசிஸ்தானத்தில் பேசும் இன்னொரு பங்காளி மொழியான பிராகூயியிலும் கிட்டத்தட்ட அப்படியே. 1961-ல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. தம்பி அதை 'அக்கன்' என்று வாசித்தான். 'தப்பு!' என்று கத்தினேன். ஐந்து வாரத்தில் என் முதல் தெளிவான தமிழ்ச் சொல் அதுதான். திட்டு வாங்கியவன் துள்ளிக் குதித்தான். பிறகு வேண்டுமென்றே தப்பாக வாசித்தார்கள் என்று சந்தேகம், கேட்டால் ஒத்துக்கொள்வதில்லை.

எமில் கிரெப்ஸ் என்று ஒரு ஜெர்மானியர், 60 மொழிக்கு மேல் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர். 1930-ல் இறந்த பிறகு அவருடைய மூளையை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். என் மூளையை யாரும் கேட்கப்போவதில்லை. 'மொழி சேகரிக்கிறேன்' என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் அந்தச் சேகரிப்பு என்னிடம் இல்லை. பாட்டியிடமும் ஆயாவிடமும் மேட்டில் ஏறிய நண்பரிடமும் இருந்தது. கேட்டபோது கொடுத்தார்கள்.

முண்டாரி மட்டும் வரவில்லை. ஆலை வாசலில் டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் கற்றது. நோட்டில் எண்ணூறு சொற்கள் இருக்கின்றன. வாசித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது. நண்பர் விசாரித்தார். அந்த அம்மா காலமாகிவிட்டார். பேத்தி ரூர்கேலாவிலேயே இருக்கிறாள். போன ஞாயிறு பேசினாள். எனக்குள் எஞ்சியிருந்த ஒரே சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்: 'தாஃ'.

"தண்ணி வேணுமா தாத்தா? முதல்ல குடிச்சிட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன்" என்றாள் இந்தியில்.

மகள் செம்பு எடுத்து வந்தாள்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து, 23 நோட்டுக்காரன்