தலவிருட்சத்தின் காலடியில் கிரானைட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரத்தில் தெய்வத்தைக் காண்பது நமக்குப் புதிதல்ல. கும்பிடுகிற முறையே அந்த மரத்துக்கு எமனாவதுதான் புதிது. கோயிலுக்கு உரிய புனித மரமான தலவிருட்சத்தின் அடிமரம் வரை கிரானைட் பதித்துவிட்டுத் திருப்பணி என்கிறோம். தண்ணீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் 1, 2 அடிக்குள், கிளைநிழலையும் தாண்டிப் படர்ந்திருக்கும். கல் மூடினால் காற்றும் நீரும் கீழே இறங்காது. மரம் உடனே சாகாது. முதலில் உச்சிக் கிளைகள் காயும். சில வருடம் கழித்து, 'வயசான மரம்' என்று சொல்லிக்கொள்வோம்.

தளத்தைக் கிளைநிழல் விழும் அளவுக்காவது பெயர்த்தெடுக்க வேண்டும். கடப்பாரையை ஆழமாக இறக்கினால் வேர் அறும், கவனம். திறந்த மண்ணில் அந்த மரத்தின் சருகையே 3 அங்குலம் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடலாம். மண் குவித்து மேடை கட்டவே கூடாது. அடிப்பட்டை ஈரம் காயாமல் அழுகிவிடும்.

அகல் விளக்கை மரத்தடியிலிருந்து ஆறடியாவது தள்ளி வையுங்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலம்தான் மரத்தைப் பருக்க வைக்கிறது. சூட்டில் அது கருகினால் அந்த இடம் காயமாகவே நிற்கும். வேண்டுதல் நூல் பருத்தியாக இருந்தால் மக்கிவிடும். நைலான் மக்காது. மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து வேருக்கு இறங்கும் உணவை நெரித்துவிடும்.

பட்ட மரத்துக்கு மாற்று வைப்பதிலும் அவசரம் காட்டுகிறோம். சிதம்பரத்துக்குத் தன் பெயரையே பழம்பெயராகத் தந்த தில்லை, பிச்சாவரத்து உப்பங்கழியில் வளரும் மரம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒற்றைக் கன்றை நட்டு விதைக்குக் காத்திருந்து பயனில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கவாத்து செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆலமரத்தைச் சுற்றி வருகிறவர்கள் உதிர்ந்த பழம் ஒன்றைப் பிட்டுப் பார்க்கலாம். உள்ளே நிறைந்திருப்பவை நுண்ணிய பூக்களும் அவற்றிலிருந்து உருவான விதைகளும். அந்தப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி. ஆலுக்கு ஒரு வகை, அரசுக்கு வேறொரு வகை. மரத்தடியில் பூச்சிமருந்துப் புகை அடிப்பவர்கள் இந்தக் குளவியையும் சேர்த்தே கொல்கிறார்கள்.

திருப்பணி மதிப்பீட்டில் கோபுர வண்ணத்துக்கு ஒரு வரி இருப்பதுபோல, தலவிருட்சத்தின் மண்ணைத் திறந்துவிடவும் ஒரு வரி சேர்க்க அறநிலையத் துறை உத்தரவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்